கறுப்புக் காரில் வெள்ளைப் பஞ்சு

என்னங்க,

சாதம் குக்கரில் இருக்கிறது. முட்டையை வறுத்து மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு என் அண்ணன் காரை எடுத்துப்போக வருவான். சாவி ஃபிரிட்ஜ் மேல்.

நேற்றைய சண்டையில் பாதிக் கோபம்தான் தீர்ந்தது. மீதி இதோ. ஏழு வருஷமாகக் கார் துடைக்கிற கடையில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன்: பருத்தித் துண்டு நம் முதுகுக்கு, அந்த நீல மைக்ரோஃபைபர் துணி காருக்கு. பருத்தி பஞ்சு உதிர்க்கும். நீங்கள் துடைத்த கார் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிறது! கேட்டால், “நான் நீலத் துணியிலதான் தொடச்சேன்” என்று சத்தியம் வேறு. மைக்ரோஃபைபரிலிருந்து பஞ்சு எங்கே வரும்? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

அண்ணன் வருவதற்குள் நீலத் துணியால் ஒழுங்காகத் துடைத்துவிடுங்கள். எடுத்து வைக்கிறேன்.

பி.கு: எடுக்கக் கொடிக்குப் போனேன். நீலத் துணி எல்லாவற்றிலும் வெள்ளைப் பஞ்சு அப்பிக்கிடக்கிறது. போன வாரம் குளிக்கிற துண்டுகளோடு சேர்த்து மெஷினில் போட்டது நான்தான். கடையில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே, “ரெண்டையும் சேத்துத் துவைக்காதீங்க” என்று கத்துகிறவளும் நான்தான்.

காரைத் தொடாதீர்கள். என் வேலைப் பையிலிருந்த புதுத் துணியால் நானே துடைத்துவிட்டேன். பஸ்ஸும் போய்விட்டது.

வேறு தாள் இல்லை. சாப்பாடு, சாவி மட்டும் படியுங்கள். நடுவில் இருப்பதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால், சாயங்காலம் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை.