செவ்வாய்க்கு மூன்று என்று பெயர்

பஸ்ரா, 13-10-1938, வியாழன்

அன்புள்ள ரோசம்மாளுக்கு, சவுரியப்பன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகந்தானே?

பிள்ளை இன்னும் என் முகத்தைப் பார்த்ததில்லையே என்று ஞாயிறன்று போட்டோ எடுத்துக்கொண்டேன். படக்காரர் யூசுப் "தலாதா" என்றார். அரபியில் தலாதா என்றால் மூன்று. உடனிருந்த பென்னாகரத்து மாதையன், "மூணு நாள் கழிச்சு வரச் சொல்றாருங்கண்ணா" என்றான்.

புதனன்று போனேன். கடை பூட்டியிருந்தது. யூசுப் ஊரைவிட்டே போகிறாராம். கண் கலங்கி ரயில் பட்டறைக்குத் திரும்பினால், வாசலில் மூட்டை முடிச்சோடு அவரே நிற்கிறார்!

"நேற்றுத்தானே தலாதா?" என்று சிரித்தபடி படத்தைக் கொடுத்தார்.

இங்கே ஞாயிறு முதல் நாள். செவ்வாய்க்குப் பெயரே மூன்றாம் நாளாம். மாரண்டஹள்ளியில் நம் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் அதையே மங்களவாரம் என்பார்கள். மாதையன், "எங்கூர்ல செவ்வாய்னா செவ்வாய்தானுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படம் இதனுடன் இருக்கிறது. தொப்பி இரவல்.

இனி தேதியோடு கிழமையையும் எழுது. அன்று நீ சந்தைக்குப் போனாயா, கோயிலுக்குப் போனாயா என்று நினைத்துக்கொள்வேன். பட்டறைச் சங்கு ஊதுகிறது. பிள்ளை படத்தைப் பார்த்துச் சிரித்தானா, அழுதானா? மறைக்காமல் எழுது.

உன்
சவுரியப்பன்