இலையில் ஏறிய எறும்பு

என்னங்க,

சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது. மேசையில் சிந்திய வண்ணம் இன்னும் காயவில்லை, சட்டைக் கையை வைத்துவிடாதீர்கள்.

"தினமும் அதே இலையத்தான் வரையறே, அலுக்கலையா?" என்று நேற்று நீங்கள் கேட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இனித் தூரிகையைத் தொடுவதில்லை என்று காலையில் எல்லாவற்றையும் கட்டி வைக்கப் போனேன். பார்த்தால், தாளில் வரிசை வரிசையாக வரைந்ததில் இலையும் இலையும் சேராமல் மொட்டையாக நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு எறும்பு. பஸ் எடுக்கப் போகிற அவசரத்தில் போட்டீர்களா? ஒரு வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட இடைவெளி அது. எறும்பு வந்ததும் இலைகளெல்லாம் கைகோத்துக்கொண்டன. அப்படியே உட்கார்ந்து எல்லா வரிசையிலும் எறும்பை ஊர விட்டுவிட்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு நூலக மாடிக்கு, எங்கள் ஓவியக் கூட்டத்துக்குப் போகிறேன்.

மறந்துவிட்டேன்: எறும்புக்கு எட்டுக் கால் போட்டிருக்கிறீர்கள். நான் திருத்தவில்லை.

இன்னொன்று. "உங்க வீட்டுக்காரரும் வரைவாரா?" என்று கூட்டத்துத் தையல்காரம்மா போன வாரம் கேட்டார். "அவருக்குக் கோடே நேரா வராது" என்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டதும் வந்துவிடுங்கள். பக்கத்து நாற்காலியில் உங்களுக்குத் துண்டு போட்டு வைக்கிறேன்.