ரிசப்ஷன் தொட்டியும் என் உப்பும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மத்திகிரியிலிருந்து பைக்கில் வருவதற்குள் முழங்கால் வரை நனைந்தாயிற்று. ரிசப்ஷன் தொட்டி: சூடு 26, உப்பு அளவு 1.025. மஞ்சள் மீன் சாப்பிட்டது. கோமாளி மீன் இரண்டும் சரி. கண்ணாடியில் யாரோ விசிட்டரின் விரல் தடம். துடைத்தேன்.

பதினொரு மணிக்கு நாகேஷ் சார் கூப்பிட்டார். எங்கள் யுட்டிலிட்டி மேனேஜர். என் இன்க்ரிமென்ட் அவர் பேனாவில். நல்ல சேதி என்றார். போச்சம்பள்ளி பிளான்ட்டிலும் இதே போல இரண்டாயிரம் லிட்டர் கடல்மீன் தொட்டி வைக்கிறார்களாம். செலவைக் குறைத்த என் கைசன் யோசனை அங்கேயும் போகிறதாம். வெள்ளிக்கிழமை எம்.டி. முன்னால் நானே பேச வேண்டும். ஆறு ஸ்லைடு, பத்து நிமிடம்.

கேன்டீனில் தயிர் சாதம் மட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். ஸ்லைடு செய்ய உட்கார்ந்தேன், ஓடவில்லை. உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

முன்பு பெங்களூருக் கம்பெனி ஒன்று வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டது. செலவு அதிகம் என்று நிறுத்தினார்கள். தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் தண்ணீர் தெரியாதா என்று என் தலையில் கட்டினார்கள். எங்கள் வீட்டிலிருந்து கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும், அதை யார் கேட்டது. வாரம் இருநூறு லிட்டர் மாற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் எங்கள் பிளான்ட்டிலேயே கிடைக்கும். உப்பு மட்டும் இறக்குமதி. இருபது கிலோ வாளி, ஆறாயிரத்துச் சொச்சம், மூன்று வாரம் வரும்.

நான் மகா புத்திசாலி. மச்சானிடம் சொல்லி உப்பளத்து உப்பு இரண்டு மூட்டை வரவழைத்தேன். கரைத்துப் பார்த்தால் மீட்டரில் அதே 1.025. செலவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கைசன் ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். முதல் பரிசு. ஒரு ஹாட்பாக்ஸ், கேன்டீன் சுவரில் என் போட்டோ.

போட்டோ மாட்டிய நாலாவது வாரம் இறால்கள் தோலை உரிக்க முடியாமல் பாதியில் செத்தன. பிறகு மஞ்சள் மீன் வெளிறியது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். உப்பு விளைந்ததும் பாத்தியில் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். கால்சியம் முன்பே படிந்துவிடும், மெக்னீசியம் அதோடு போய்விடும். மிஞ்சுவது சோற்றுக்குப் போடும் உப்பு. அந்தத் தண்ணீரை வடித்து வடித்துத்தான் எங்கள் அப்பா என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சுவரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருந்தது. என் காசில் இறக்குமதி உப்பையே வாங்கிக் கரைத்தேன். மீன் தேறியது. கைசனும் வெற்றி. ஐந்து மாதம், ஏழு வாளி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்தான்.

ஜூன் 11, புதன்

வாங்க வேண்டியவை: தீபாவுக்கு ஷூ, பைக் செயின் ஸ்பிரே, கோதுமை மாவு.

டிபன் கட்டும்போது சாந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பெங்களூருவில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மாடிவீட்டு அக்கா ஏதோ ஓதியிருக்கிறாள். பாத்ரூமில் ஆறு நீல வாளி இருக்கிறது, கம்பெனியில் சும்மா கொடுத்தது என்று சொல்லி வைத்திருந்தேன். அதைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தாள். "உப்பு வெளயிற ஊர்ல பொறந்துட்டு, உப்பு வாங்க பெங்களூருக்குப் போற ஒரே ஆளு நீங்கதான்." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை போனாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை சொல்லிவிடுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தீபா பள்ளிக்கூட ஃபீஸ் இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும் என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் மாற்றும் நாள். 200 லி. எடுத்து, 200 லி. விட்டாயிற்று. உப்பு 7 கிலோ. வாளி அடி தட்டிவிட்டது. தண்ணீர் விடும்போது கோமாளி மீன்கள் குழாய் வாயிலேயே வந்து நின்றன. அதுகளுக்கு என்ன, நல்ல தண்ணீர் வந்தால் சந்தோஷம்.

மதியம் போச்சம்பள்ளியிலிருந்து போன். பெருமாள், அங்கே தொட்டியைப் பார்க்கப் போகிற டெக்னீஷியன். காவேரிப்பட்டணத்துக்காரர், இன்னும் கான்ட்ராக்ட். "அண்ணா, இத நல்லா பண்ணிட்டா பர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்த உப்பு அட்ரஸ் மட்டும் குடுங்கண்ணா."

டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். நஷ்டம் என்னோடு போகட்டும் என்று இருந்தது, இனிமேல் அப்படி இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மேகமூட்டம். எட்டரைக்கே நாகேஷ் சார் கேபின். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியும்ப்பா. கேட் ரிஜிஸ்டர் மாசாமாசம் என்கிட்டதான் கையெழுத்துக்கு வருது. நீல வாளி ஒண்ணு, சொந்த உபயோகம். உன் வீட்ல கடல் இருக்குதுன்னா நெனச்சேன்?"

கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. மிச்சமான தொகை அவர் டிபார்ட்மென்ட் டார்கெட்டில் சேர்ந்துவிட்டதாம், எம்.டி. வரை போய்விட்டதாம். இப்போது பொய் என்றால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும். மார்ச் ரிவ்யூ வரை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள், இன்க்ரிமென்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெருமாள் கதி என்ன என்று கேட்டேன்.

"அவன் உன்கிட்டதான கத்துக்கப் போறான்?"

பத்து மணிக்கு மீட்டிங். ஆறு ஸ்லைடும் பேசினேன். இரண்டாவது ஸ்லைடில் இறால் போட்டோ, செத்துப் போவதற்கு முன் எடுத்தது. குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவே இல்லை. எம்.டி. கை தட்டினார். பெருமாளை இன்றுதான் நேரில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மீட்டரில் 1.025 என்பதற்குக் கீழே கோடு போட்டார்.

வீட்டில் சாந்தி வாசலிலேயே கேட்டாள். மீட்டிங் தள்ளிப் போய்விட்டது என்றேன்.

ஜூன் 14, சனி

மழை. திரும்பும்போது அத்திப்பள்ளியில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. இரண்டு வாளி, காலுக்கு இரண்டு பக்கமும். ஒன்று இங்கே. ஒன்று திங்கட்கிழமை வேனில் பெருமாளுக்கு, தூத்துக்குடி உப்பு என்று சொல்லி வேறு சாக்கில் மாற்றி. காசு, தீபா ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த கவரிலிருந்து.

கேட்டில் முனியப்பா டியூட்டி. பாகலூர்க்காரர், ஐந்து மாதமாக என் வாளியை எழுதி எழுதிப் பழகியவர். "ஏனண்ணா, இந்தவாட்டி ரெண்டா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சொந்த உபயோகம் என்று அவரே எழுதி, ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்.

கையெழுத்துப் போட்டேன்.