பந்துக் கம்பியை வளைத்த மைனிக்கு

மைனி,

காலையில் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. கக்கூசு டேங்க் நிறைந்த பிறகும் நிற்காமல் வெள்ளம் வழியும் சத்தம். அண்ணன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அடுக்களையிலிருந்து வருவீர்கள் என்று ஒரு நிமிசம் நின்றுவிட்டேன்.

அந்தக் கக்கூசு வருவதற்கு நாம் பட்ட பாடு எனக்கு மறக்காது. குடியிருந்த பத்து சென்டு அப்போது நம்முடையது இல்லை. குழி தோண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "ஒங்களுக்கு எதுக்குட்டி கக்கூசு, தோட்டம் கிடக்குதுல்லா" என்று நிலத்துக்காரர் வீட்டு அம்மை சிரித்தாள். அவள் செத்தும் அந்தச் சிரிப்பை நான் விடவில்லை. பிறகு குடியிருப்பவருக்கே நிலம் என்று சட்டம் வந்து அது நம் பேருக்கு ஆனது. அண்ணன் கல்ஃபுக்குப் போனார். முதல் லீவில் கக்கூசு கட்டி அந்த டேங்கை மாட்டினார். நாம் இரண்டு பேரும் சங்கிலியை இழுத்து இழுத்துச் சிரித்தோம்.

ஆனால் லீவுக்கு வந்த ஆள் வீட்டில் எங்கே இருந்தார்? கூட வேலை பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பொதிகளைத் தூக்கிக்கொண்டு இன்றைக்குப் பொழியூர், நாளைக்குக் குன்னத்துகால். போன வீட்டிலெல்லாம் சாப்பாடு. நீங்கள் வைத்த மீன் கறி சட்டியிலேயே ஆறும்.

ஒரு சாயங்காலம் நான் உள்ளே வந்தபோது நீங்கள் ஸ்டூலில் ஏறி, டேங்கின் மூடியைத் திறந்து, பந்து மாட்டியிருக்கிற பித்தளைக் கம்பியை இரண்டு கையாலும் மேல்நோக்கி வளைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன செய்யுதிய மைனி?"

"மெதுவாப் பேசு மக்கா. இனி பந்து பொங்கி அடைக்குறதுக்குள்ள வெள்ளம் வழிஞ்சிரும். நாளைக்கு அமரவிளைக்குப் போவணுமாம். போவட்டும், பாப்போம்."

அவர் போகவில்லை.

"சவத்துச் சாமானம், நேத்து நல்லாத்தானே இருந்து" என்று ஸ்பேனரைத் தேடினார்.

"ஊருக்கெல்லாம் பொதி கொடுக்க ஆளுண்டு. வீட்டுக் கக்கூசுக்கு ஆளில்ல" என்று நீங்கள் கட்டன்சாயாவை நீட்டினீர்கள். அவரும் சிரித்துவிட்டார். உச்சைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அங்கேயே இருந்து இரண்டு பேரும் பேசினீர்கள். என்ன பேச்சு என்று அடுத்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் அந்த டேங்க் ஒருநாள் கேடானது.

நீங்கள் போனபோது அவர் வந்து சேரவில்லை. குழிமண் காய்ந்த பிறகுதான் வந்தார். அங்கே முதலாளி விடவில்லை என்றார். நான் அதை மன்னிக்கவில்லை, அது அவருக்கும் தெரியும். இப்போது ஒரேயடியாக வந்து அந்த வீட்டில் தனியே இருக்கிறார்.

இன்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு ஒண்ணு மனசிலாவல்ல. நான் லீவுக்கு வந்தா இது கேடாவும். நான் இல்லாத நாளுல கேடானதா அவ சொன்னதே இல்ல. அது ஏன்?"

தொண்டை வரைக்கும் வந்தது மைனி. சொன்னால் அந்த வாளியிலேயே உடைந்துபோவார். உடையட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை வருசம் அதற்காகத்தானே காத்திருந்தேன். ஆனால், இன்றைக்கு என்னோடு இருங்கள் என்று நீங்கள் ஒருநாளும் அவரிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்ட நாட்கள் அவை. அதைக் காட்டிக்கொடுக்க நான் யார்?

"பழைய சாமானம்லா அண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். உடனே நம்பிவிட்டார் மைனி. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.