நானா குடிக்காத வைன், நான் தின்னாத மீன்

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்தே மழை. வெள்ளவத்தையில் பஸ் ஏறுவதற்குள் சப்பாத்துக்குள் தண்ணீர். ரெஸ்டோரண்டில் என் வேலை: பலாக்காய் கட்லட், பயறு ஊறப்போட, குளிர்பெட்டி மெக்கானிக்குக்கு போன் கோல்.

முதலாளி மேடம் சமையலறைக்கு வந்தார். சனி மத்தியானம் எட்டுப் பேர். வைன் இறக்குமதிக்காரர்கள், கூடவே ஸ்பெயினிலிருந்து ஒரு பெண். அந்தப் பெண்ணின் குடும்பத் தோட்டத்து வெள்ளை வைனுக்குப் பொருந்த ஒரு மீன் செய்ய வேண்டுமாம். பிறகு எல்லோர் முன்னாலும் எங்கள் ஷெஃப் நிசார் நானாவிடம், சிங்களத்தில்: வைனை வாயில் வைக்காத ஷெஃபோடு இந்த ரெஸ்டோரண்டை எப்படி நடத்துவது? சனிக்கிழமை சரிவராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்.

பதினொரு வருடம் இங்கே சமைத்தவர். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. எனக்குத்தான் பயறு அளந்த கணக்கு தவறியது.

12, புதன்

போத்தல் வந்தது. திராட்சையின் பெயர் மெர்செகெரா. ஸ்பெயினிலேயே பலருக்குத் தெரியாதாம். மருந்து சேர்க்காமல், வடிக்காமல் செய்தது. கலங்கல், இளநீரில் தேசிக்காய் பிழிந்த மாதிரி. கிரில் பக்கத்து இருவரும் ருசி பார்த்தார்கள். "புளிச்ச வினாகிரி, நானா!" ஒரே சிரிப்பு. மேடத்துக்கு எல்லாமே "சூப்பர்".

நானா என்னிடம் வந்தார். "தங்கச்சி, உப்பு கூடினா மூக்காலயே கண்டுபிடிக்கிறவங்க நீங்க. ஒரு வாய் குடிச்சு எனக்கு செல்லுங்களே. எங்கட மார்க்கத்துல எனக்கு ஏலா, தெரியும்தானே."

அதிர்ந்துபோனேன். நாற்பத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்து சைவம். குடி என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை.

"என்ன நானா கேக்கிறீங்கள்?"

"சரி, சரி. மன்னிச்சுக்கங்க."

அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. அதுதான் நாள் முழுக்கக் குத்தியது.

13, வியாழன்

வெயில். மூன்று மணி, மேசைகள் காலி. நானே போய்க் கேட்டேன். "தாங்கோ."

"சில வைன தெளிய வைக்க மீன் பசை போடுவாங்களாம். இதுல போடல்ல. உங்களுக்காக நேத்தே கேட்டு வெச்சேன்."

குடித்தேன்.

முருகா. இனிக்கும் என்று நினைத்திருந்தேன். இனிப்பே இல்லை. முதலில் கீழே விழுந்து கன்றிய அப்பிள். பிறகு புளிக்கிற அம்பரெல்லாக் காயின் தோல். பிறகு கடற்கரை ரோட்டில் கல்லால் உடைத்துத் தின்போமே, கொட்டம்பா என்கிற நாட்டு வாதுமைப் பருப்பு, அதன் கசப்பு. கடைசியில் உப்பு. காதுக்குப் பின்னால் ஒரு கூச்சம். சொல் மேல் சொல்லாக வந்துகொண்டே இருந்தது. எனக்குள் இவ்வளவு கிடந்ததா?

நானா கண்ணை மூடிக் கேட்டார். "புளிப்பு முன்னுக்கா, பின்னுக்கா?"

"பின்னுக்கு. மெதுவா வருது."

"கசப்பு நிக்கிதா, போவுதா?"

அதற்கு இன்னொரு வாய் தேவைப்பட்டது. மொத்தம் மூன்று வாய்.

வீட்டில் இவரிடம் மறைக்க ஏலவில்லை. சொன்னேன்.

"குடிச்சனீரோ?"

"ஓம்."

"நீரோ?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

14, வெள்ளி

இவர் பேசவில்லை. கோயில் வாசலோடு திரும்பிவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

நானா பாரை மீனை எடுத்தார். தோலை நெருப்பில் கருக்கி, மேலே அம்பரெல்லா, பெருஞ்சீரகம், வறுத்த கொட்டம்பா. என்னால் முகர்ந்து பார்க்கத்தான் முடியும். முகர்ந்தேன்.

"கொட்டம்பா இன்னும் கொஞ்சம், நானா."

போட்டார்.

15, சனி

தட்டுகள் போயின. சாப்பாட்டு மேசையில் ஒரு சத்தமும் இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். எட்டுத் தட்டும் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தன.

பின்னாலேயே ஸ்பெயின் பெண். யார் செய்தது? நானா என்னைக் காட்டினார், நான் நானாவை. வாருங்கள், மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம் என்று ஒரு கையில் கிளாஸ், மறு கையில் மிஞ்சிய மீனோடு ஒரு தட்டு எடுத்தார். மேடம்தான் விளக்கினார்: இவர் குடிப்பதில்லை, இவ மீன் தொடுவதில்லை.

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தார். அப்படியென்றால், இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்கள் இருவருக்குமே தெரியாதா?

நானா தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொன்னார். பாதி ஆங்கிலம், பாதி கைச்சைகை, அந்தப் பெண். அவருடைய தகப்பன் இந்த வைனோடு சுட்ட மீனும் வாதுமைப் பருப்பும்தான் தின்பாராம். இங்கே அதை யார் சொல்லித் தந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நானா கை கழுவும் பேசினுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

வேறு ஆள் பற்றி மேடம் மூச்சே விடவில்லை. போகும்போது என்னிடம்: செவ்வாய்க்கிழமை இன்னும் ஆறு வகை வருகிறது, நீ ருசி பார்ப்பாயா?

16, ஞாயிறு

திரும்ப மழை. இடியப்பம், சொதி. உடுப்பு ஒன்றும் காயவில்லை. மூன்று நாளுக்குப் பிறகு இவர் வாய் திறந்தார்.

"இனியும் குடிச்சுப் பாக்கச் சொல்லிக் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"நேற்றே ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

சொதிக் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் கையில் அல்ல. என் கையில். அந்த ஓம் இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.