உன் பெயரில் நான் எடுத்த பாடங்கள்

நேற்று அம்மா பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சு மாற்றித் தைத்து வாங்கியிருந்தாள். ஆள் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டுப் போனதும் வீடு முழுக்கப் புது இலவம்பஞ்சின் வாசனை. வேலைக்கு நடுவில் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லையா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் பேச ஆரம்பித்தால் அழுகையில்தான் முடியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன்னைப் போலவே நானும் அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் மெத்தைக் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில்தான் நம் முதல் வீடியோவை எடுத்தோம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம் உள்ளே வராத ஒரே இடம் அது என்று நீதான் கண்டுபிடித்தாய். சுற்றிலும் மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சலாம், வணக்கம், எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டாய். புரோகிராமிங் பாடம் எடுக்க வந்தவள் கேட்கிற கேள்வியா அது? போனைப் பிடித்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதுவே உன் அடையாளமாகிப் போனது.

நம் இருவருக்கும் அப்போது வேலை இருந்தது. நீ தர்மபுரியிலும் நான் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த வேலை கிடைப்பதற்கு முன் எத்தனை இன்டர்வியூவில் பதில் தெரிந்தும் இங்கிலீஷ் வராமல் திணறினாய் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில்தான் தமிழிலேயே பாடம் சொல்லித்தர யூடியூப் சேனலை ஆரம்பித்தாய். சாப்ட்வேர்காரர்கள் எல்லோரும் பர்சனல் பிராண்ட், பர்சனல் பிராண்ட் என்று கோட்டுப் போட்ட போட்டோவும் இங்கிலீஷ் பதிவுமாகத் திரிந்த காலம். நமக்கும் அது வேண்டும் என்றாய். "வேலையத் தேடி நாம அலைஞ்சது போதும்டி. இனிமே அது நம்ம பேரக் கேட்டுக்கிட்டு வரட்டும்."

உன் பேரையே சேனலுக்கு வைத்தோம். உன் போட்டோதான் அதன் முகம். மாதிரி புரோகிராம் எழுதுவது, வீடியோவை வெட்டி ஒட்டுவது, கமெண்டுகளுக்குப் பதில் போடுவது என் வேலை. கேமரா முன்னால் வா என்று நீ கூப்பிடாத வாரமில்லை. எனக்கு வாய் வராது என்று நழுவிவிடுவேன். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. நீ பேசுவதைப் போனின் சின்னத் திரையில் முதலில் பார்ப்பவள் நான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் குரல் செய்தி அனுப்பினாளே, ஞாபகம் இருக்கிறதா? சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் நம் பாடங்களை இறக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து படித்தவள். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லும்போது அவளுக்குப் பாதிக்கு மேல் பேச்சு வரவில்லை. அதை நீ உன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாய், அத்தாவுக்குப் போட்டுக் காட்டினாய், கடைக்கு மெத்தை வாங்க வந்தவர்களுக்கும் போட்டுக் காட்டினாய்.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. இங்கே காட்டி மாத்திரை சாப்பிட்டும் விடவில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் உடனே சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ரத்தப் புற்று என்றார்கள். எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கவலைப்பட்டது அந்த வாரப் பாடத்தைப் பற்றி. போகட்டும் விடு என்றேன். நீ விடவில்லை. "காத்துக்கிட்டு இருப்பாங்கடி. இந்த வாட்டி நீ பேசு." நான் தனியாகக் குடோனுக்குப் போய், உன் ஸ்டூலில் உட்கார்ந்து, வியர்த்து வழியப் பேசி அனுப்பினேன். பார்த்துவிட்டுப் போன் செய்தாய். குரல் மெலிந்திருந்தது. "நல்லாத்தான் பேசுற. ஆனா ஏன்டி அடுத்தவங்க வூட்ல திருட வந்தவ மாதிரி முழிக்கிற?" இருவரும் சிரித்தோம். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

நீ போன செய்தியைச் சேனலில் நான்தான் சொன்னேன். எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதபடி பேசினேன். அது எங்கெங்கோ பரவியது. வருஷக்கணக்கில் நீ தொண்டை வறளப் பேசிய எந்தப் பாடத்தையும் விட, நீ இறந்துபோனாய் என்று நான் சொன்னதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சேனல் நாம் கனவிலும் நினைக்காத அளவுக்கு வளர ஆரம்பித்தது. எண்ணிக்கை ஏறுவதை நான் அழுதுகொண்டேதான் பார்த்தேன். ஆனாலும் பார்த்தேன். அடிக்கடி திறந்து திறந்து பார்த்தேன்.

பாடங்களை நிறுத்தவில்லை. உன் பேர் நிலைக்க வேண்டும், அதற்காகத்தான் பேசுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். நாளாக நாளாக வாய் பழகியது. கேமரா பயம் போனது. ஒரு கட்டத்தில் அடுத்த பாடம் எடுக்கும் நாள் எப்போது வரும் என்று காத்திருக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. டெவலப்பர்களிடம் தமிழில் பேசிப் புரியவைக்க ஆள் வேண்டுமாம். என் பாடங்களைப் பார்த்திருக்கிறார்கள். நாம் விண்ணப்பமே போடவில்லை, அவர்களாகவே பேர் கேட்டு வந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது உன் பேரை இல்லை, என் பேரை. எடுத்த எடுப்பில், போனில் பேசிய மேனேஜர் அம்மா சொன்னார்: "நீங்க வேற ஒருத்தர் பேர்ல பேசிட்டு இருக்கீங்க. உங்க பேர்ல பேசுங்க. ஜனங்களுக்கு உங்களத்தான் தெரியுது." எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பேரை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் உன் அத்தாவைப் பார்க்கப் போனேன். பேரை மாற்றாதே என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகவே போனேன் என்று இப்போது தோன்றுகிறது. கடையில் கூட்டமில்லை. டீ வாங்கிவரச் சொல்லி, உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மாத்திக்கம்மா," என்றார்.

"இல்லைங்க அத்தா, அவ ஆரம்பிச்சதுங்க. அவ பேரு நிக்கணும்னுதான் நான்..."

"தெரியும்மா. உன் மனசு எனக்குத் தெரியாதா?"  குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ புதுசா ஒண்ணு போட்டா, அவங்கம்மா போன்ல டிங்குனு சத்தம் வருது. பாத்தா அவ பேரு, அவ போட்டோ. அடுப்புல என்ன இருந்தாலும் வுட்டுட்டு ஓடியாந்து தொறக்கறா. தொறந்தா நீ இருக்க."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"அந்தச் சத்தத்த நிறுத்திடலாம்னு சொன்னேன். வேணாங்கறா. எப்பவோ அவ பேசி வெச்சது எதாச்சும் வந்தா, பாக்காம வுட்டுடுவேனாம்."

ஒவ்வொரு வாரமும். உன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரமும்.

கடையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனேன். உன் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இளைத்துவிட்டாய் என்றார். சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் கேட்டார்.

"அவ பேசுனதுல நீங்க போடாம வெச்சது எதாச்சும் இருக்காம்மா?"

இருந்தது. நான் வெட்டி எறிந்த துண்டுகள் எல்லாம் பையிலிருந்த லேப்டாப்பிலேயே இருந்தன. நீ உளறியது, தும்மியது, பாதியில் எனக்கு விழுந்த திட்டு. உன் அம்மா போனில் அவற்றை ஏற்றிக் கொடுத்தேன். முதலில் திறந்ததில் நீ பாடத்தின் நடுவே நிறுத்தி, கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, அந்த மிக்ஸிய நிறுத்தும்மா, ரெக்கார்டு ஆவுது" என்று கத்துகிறாய். உன் அம்மா சிரித்துவிட்டார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அத்தா கடையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

உன் சேனலில் இனி எதுவும் புதிதாக வராது. நீ எடுத்த பாடங்கள் அப்படியே இருக்கும். நான் என் பேரில் புதிதாக ஆரம்பித்துவிட்டேன். பெங்களூருக்கு நானே போன் செய்து, அந்த வேலையிலும் சேர்ந்துவிட்டேன். என் புதுச் சேனலை இப்போதைக்குக் கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அன்று உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது பொம்மிடி வரைக்கும் அழுதேன். பொம்மிடி தாண்டியதும், இனி என் பேரிலேயே பேசலாம் என்ற நினைப்பு வந்தது. மனசு லேசாகிவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. உன் அம்மா பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு வந்த அதே பஸ்ஸில். நீ இருந்திருந்தால் நான் இன்னும் போனைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால்தான் நின்றிருப்பேன். இந்த வேலையும், இந்தப் பேரும், நாலு பேர் முன்னால் பேசுகிற தைரியமும் நீ இல்லாமல் போனதால் எனக்கு வந்தவை. நீ திரும்பி வந்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன். அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கொடுக்கும்போது துளியும் வலிக்காது என்று உன்னிடம் சத்தியம் செய்ய முடியவில்லை.

இப்போது ஒவ்வொரு பாடத்தையும் என் பேரைச் சொல்லித் தொடங்குகிறேன். சொல்லும்போது அந்தச் சந்தோஷம் வருகிறது. அதன் பின்னாலேயே நீயும் வருகிறாய். அந்தச் சந்தோஷத்தையும் உன்னையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.