புதன்கிழமை ஜெபத்தில் நான் சொன்னது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை என்பதால் கேட்காமலே எழுதுகிறேன். இதற்கு நீ பதில் போட வேண்டாம், போனும் பண்ண வேண்டாம், படித்தால் போதும். பாதியில் கோபம் வந்து மூலையில் வீசினாலும் பரவாயில்லை, கோபம் ஆறின பிறகு எடுத்து மீதியைப் படி. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பஸ் டிப்போவில் அவரை இப்போது பஸ்ஸுக்கு அடியில் இருக்கிற பள்ளத்துக்குள் இறங்கி வேலை பார்க்க விடுவதில்லை, மேலே நின்று பிரேக்கை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள், அதில் அவருக்கு மனத்தாங்கல். நான் அதே ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில்தான் இருக்கிறேன், கிழிந்த விரிப்புகளும் நானும் தையல் மெஷினுமாகப் பொழுது போகிறது. தங்கச்சி பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் எட்டிப் பார்க்கிறாள். போன வாரம் என் வாயைப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு, வாய்தான் கொஞ்சம் பெரிசு என்றாள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னதெல்லாம் எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. தூக்கமே வரலம்மா, வேலை இடத்துல நாலு பேர் முன்னாடி நிக்கவே பயமா இருக்கு, மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை குடுத்திருக்காரு என்றாய். யார்கிட்டயும் சொல்லாதே என்றாய், சரி என்றேன். கடைசியாக ஒன்று கேட்டாய், எனக்கு இப்போ ஜெபம் பண்ணவே வரலம்மா, எப்படித்தான் பண்றது, சொல்லு என்று. என் வயிற்றில் பிறந்த பிள்ளை முப்பத்தோரு வயதில் என்னிடம் கேட்ட கேள்வி அது. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடு என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் மூச்சு விடாமல் நானே ஜெபித்தேன். நீ ஆமென் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய், உன் குரல் எவ்வளவு சின்னதாகிவிட்டது என்று அப்போது என் காதில் விழவில்லை. நன்றாக ஜெபித்தேன் என்ற திருப்தியோடு சமைக்கப் போனேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இரண்டாவது நாள் புதன்கிழமை. சபையின் பின்னறையில் பெண்கள் கூட்டம் நடக்கும், உனக்குத் தெரியும், பன்னிரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஓடினால் கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. அந்தச் சத்தத்தையும் மீறி என் குரல் கேட்கும் என்பதால் எனக்கு மைக் அக்கா என்று பேர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் விஷயத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் அது புறணி, பாவம். அதையே கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரே என்று தொடங்கிச் சொன்னால் அது விண்ணப்பம். யார் வீட்டுக்காரர் குடிக்கிறார், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் தெரியும். அன்றைக்கு என் முறை வந்ததும் நான் எழுந்து நின்று உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கம் இல்லாததைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், மாத்திரையின் பேரைக்கூடச் சொன்னேன், ஆண்டவருக்கு அது தெரியாதது போல. சொல்லச் சொல்லச் சுற்றிலும் விம்மல் கேட்டது. உண்மையை எழுதிவிடுகிறேன் ராசா, அந்த விம்மல் எனக்குப் பிடித்திருந்தது. முடிந்த பிறகு, பிள்ளையோடு போனில் ஜெபிக்கிறோம் அக்கா, நம்பர் குடுங்க என்று கேட்டார்கள், உன் நம்பரையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் உனக்கு நடந்தது எனக்குத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். ஒன்பது பேர் கூப்பிட்டார்களாம், சிலர் நீ வேலையில் இருக்கும்போதே கூப்பிட்டார்களாம், ஒருத்தி உனக்குள் கெட்ட ஆவி இருக்கிறது என்றாளாம். எங்கள் கூட்டத்து மூக்குக்கண்ணாடிக்கடை அம்மா, மாத்திரை சாப்பிடுறது விசுவாசக் குறைச்சல், தூக்கிப் போடு தம்பி என்று சொல்லியிருக்கிறாள், நீயும் தூக்கிப் போட்டிருக்கிறாய். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் என்ன ஆனது என்று தங்கச்சி முழுவதும் சொல்லவில்லை, டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனது உன்னோடு வேலை பார்க்கிற ஒருவர் என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதரின் தாய் நன்றாக இருக்கட்டும். அதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, தங்கச்சிக்கு மட்டும், இருக்கேன் என்று ஒரு வார்த்தை அனுப்புகிறாய். அந்த வார்த்தை வருகிற நாளில்தான் இந்த வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறோம்.

இவ்வளவு ஆன பிறகாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. என் மகன் என்னோடு பேசும்படி செய்யும் ஆண்டவரே என்று அதையும் புதன்கிழமை எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, நாலு வாரத்துக்குக் கூட்டத்துல வாயைத் திறக்காதீங்க, எங்கயாவது கதவைச் சாத்திட்டுத் தனியா பேசுங்க என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவர் பால்குடி மறப்பதற்கு முன்னாலிருந்து நான் ஜெபிக்கிறேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன், அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நாலு வாரம் பத்துமா என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனாலும் ரோஷத்தில் செய்து பார்த்தேன். சலவைப் பிரிவில் துவைத்த விரிப்புகளை அடுக்குகிற அறை ஒன்று இருக்கிறது, ஜன்னல் கிடையாது, சாப்பாட்டு நேரத்தில் யாரும் வர மாட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போலச் சர்வ வல்லமையுள்ள பிதாவே என்று தொடங்கினேன். துணி அடுக்குகள் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டன, என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை மகனே. முப்பது வருஷமாக ஜெபித்தவளுக்கு, கேட்க ஆள் இல்லையென்றதும் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் பயம் வந்தது. முதல் வாரம் அப்படியே போனது, இரண்டாவது வாரமும் சும்மா நின்றுவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, தைத்து முடித்த விரிப்பை வைக்கப் போன இடத்தில், ஜெபிக்க வேண்டும் என்ற நினைப்புகூட இல்லாதபோது, என் பிள்ளை நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்லிட்டேன் என்று வாயிலிருந்து வந்தது. அவ்வளவுதான். பிதாவே இல்லை, ஆமென் இல்லை. யாரோ கேட்டது போலிருந்தது, மேனி சிலிர்த்தது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் இல்லை, பதிலும் வரவில்லை. போய் அந்தக் கூட்டத்துப் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கையிலிருந்த விரிப்பை வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆறு சாயங்காலமும் வேலை முடிந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். நான் சொன்னது என் விஷயமில்லை, என் மகன் விஷயம், அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, யாரும் அவனைக் கூப்பிட வேண்டாம், நம்பரை அழித்துவிடுங்கள் என்று சொன்னேன். என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன், உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஒருத்தி கதவருகிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினாள், வாங்கிக்கட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கடைக்குக் கடைசியாகப் போனேன். கடைக்குள் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், நடுவில் அவள் துணியால் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்லதுக்குத்தானே அக்கா சொன்னேன், விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது, அடக்கிக்கொண்டு, கண்ணு தெரியாதவங்க உன் கடைக்கு வந்தா விசுவாசம் இருந்தா கண்ணாடி எதுக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்புறியா என்று கேட்டேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. பதினோரு நாளைப் பற்றிச் சொன்னேன், உன் விஷயத்தில் நான் வெளியே சொன்ன கடைசி வார்த்தை அதுதான், அது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது, தப்பு என்றால் அதையும் சேர்த்து என்னைத் திட்டு. துடைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, நான் போன் பண்ணி மன்னிப்பு கேக்கட்டுமாக்கா என்றாள். அதுவும் வேண்டாம், மணி அடிச்சாலே அவனுக்குப் பயம் என்று சொல்லிவிட்டு அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், ஏழு மாதம் தாமதமாக. எப்படி ஜெபிப்பது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை, நீளமாக வேண்டியதில்லை, உண்மையாக ஒரு வரி இருந்தால் போதும். அந்த வரியைச் சொன்ன பிறகு நாம் எழுந்து போய்ச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கும், பெரும்பாலும் அது நமக்குப் பிடிக்காததாக இருக்கும், அதைச் செய்கிறவரை அடுத்த வரி வராது. எனக்கு அந்த ஆறு சாயங்காலம் முடிந்த பிறகு மீதி இருந்தது உனக்கு இந்தக் கடிதம் எழுதுவது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், மூன்றிலும் எனக்காகவே வக்காலத்து வாங்கியிருந்தேன். இதில் வாங்கவில்லை. நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன், அதையும் ஜெபத்தின் பேரில் செய்தேன், மனம்விட்டுச் சொல்ல உனக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தது நான்தான். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க இப்போது முடியாவிட்டால் அதற்கும் அவசரமில்லை.

நாலு வாரம் முடிந்து போன புதன்கிழமை என் முறை வந்தபோது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நான் எதைத் தொடங்கப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். உமக்குத் தெரியும் ஆண்டவரே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாக்கு வேகமாக வருகிற வேறு ஒருத்தி உடனே தொடங்கிவிட்டாள், அது வேறு கதை. மகன் பேச வேண்டும் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன், அது எனக்காகக் கேட்டது. இப்போது விரிப்பு அறையில் உன் பேரைச் சொல்வேன், அவ்வளவுதான், கொஞ்ச நேரம் நிற்பேன், மெஷினுக்குத் திரும்பிப் போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயில் இருந்தால் கொஞ்சம் வெளியே நட, உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனவரை விட்டுவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் உன் தூக்கத்தையும் காக்கட்டும். ஞாபகமாக ஒன்று. மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. கையில் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது ஆண்டவரே என்று ஒரு வார்த்தை வந்தால் சொல்லு. அதுவும் வராவிட்டால் பேசாமல் விழுங்கிவிட்டுப் படு, பிழைக்க வேண்டும் என்று நீயே அவரிடம் கேட்டது போலத்தான் அது, அன்றைக்கு உன் ஜெபம் முடிந்தது.

உன் வாய் பெரிய, இப்போது வாயை மூடக் கற்றுக்கொள்கிற,
அம்மா